ஏற்றம் கண்ணில் படும்போதே: சிறிய மோட்டார்ஹோமில் ஓவர்டிரைவ்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போகும் ஐ-15 நெடுஞ்சாலையில், மொஹாவி பாலைவனத்துக்கு நடுவே பேக்கர் என்று ஒரு சிற்றூர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 930 அடி உயரம். ஊரைத் தாண்டியதும் சாலை மெல்ல மேலேறத் தொடங்கும். நேர்ச்சாலை, அகலமான சாலை என்பதால் ஏறுவது கண்ணுக்குச் சட்டென்று புலப்படாது. வண்டிக்கு மட்டும் உடனே தெரிந்துவிடும். எஞ்சின் கொதிக்காமலிருக்க ஏசியை அணைத்துவிடுங்கள் என்று சாலையோரப் பலகைகள் கேட்டுக்கொள்வது இந்த ஏற்றத்தில்தான். கோடை நாளில் இங்கே வலது ஓரத் தடத்தைப் பார்த்தால், எச்சரிக்கை விளக்கு மினுக்க ஒரு சிறிய மோட்டார்ஹோம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதைக் காணலாம்.

அந்த வண்டியின் கியர் கம்பியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதில் ‘ஓ/டி’ என்று எழுதியிருக்கும். ஓவர்டிரைவ். அதை எப்போது சேர்ப்பது, எப்போது விலக்குவது? அமெரிக்காவில் சிறிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் பற்றி வாதிட்டு வருகிறார்கள். ‘டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடு’ என்பார் ஒருவர். ‘பாரம் ஏற்றிய வண்டியில் ஓவர்டிரைவைத் தொடவே கூடாது’ என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, வண்டியின் எடையிலும் சாலையின் சாய்விலும் காற்றின் திசையிலும் அடங்கியிருக்கிறது.

பொத்தான் செய்யும் வேலை

மோட்டார்ஹோமைக் கேரவன் என்று சொன்னால் தமிழ் வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகரின் வண்டிதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதைவிடச் சிறியது: வேன் அல்லது சிறு டிரக்கின் சேசிஸ் மீது படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வீடு. ஓட்டுபவரே குடியிருப்பவர். பெரும்பாலானவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்தான்.

பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் மூன்றாவதே டாப் கியர். அதில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டும் ஒரு சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் அதற்கும் மேலே உள்ள கியர். 1980-களின் டொயோட்டா சிறு டிரக்குகளில் இருந்த ஏ43டி கியர்பாக்ஸில் அதன் விகிதம் 0.688. எஞ்சின் ஏறத்தாழ 69 சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 100 சுற்று முடித்துவிடும். அதே வேகத்தில் வண்டி ஓட, எஞ்சினின் சுற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரைச்சல் அடங்குகிறது, தேய்மானமும் பெட்ரோல் செலவும் குறைகின்றன.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. சுற்றில் எவ்வளவு குறைகிறதோ, சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவிசையிலும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. காலியான காருக்கு இது பொருட்டே இல்லை. வீட்டைச் சுமந்து போகும் வண்டிக்கு இதுதான் எல்லாம்.

விளக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. டாஷ்போர்டில் ‘ஓ/டி ஆஃப்’ என்ற விளக்கு எரிந்தால் ஓவர்டிரைவ் விலக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். விளக்கு எரியாவிட்டால் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சமவெளி முழுக்க மூன்றாம் கியரில் ஓட்டி, மலையில் ஓவர்டிரைவில் ஏறுவதுண்டு. பொத்தானால் அனுமதித்ததும் ஓவர்டிரைவ் உடனே சேர்ந்துவிடுவதும் இல்லை. வேகமும் பாரமும் ஒத்து வந்தால் மேலே போகலாம் என்ற அனுமதி மட்டுமே அது. டொயோட்டாவின் அந்தக் கியர்பாக்ஸ், எஞ்சின் போதிய அளவு சூடாகும் வரை ஓவர்டிரைவைச் சேர்க்காது.

எரிபொருள் பஞ்சம் தந்த கியர்

ஓவர்டிரைவ் பழைய யோசனை. 1934-இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரிலேயே போர்க்-வார்னர் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் இருந்தது. இங்கிலாந்தில் எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்த லேகாக் ஓவர்டிரைவ் 1940-களின் இறுதியிலிருந்து பல பிரிட்டிஷ் கார்களில் பொருத்தப்பட்டது. ஆனால் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில், ஆட்டோமேட்டிக் கியர் பரவியபோது இந்தக் கூடுதல் கியரை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

1973-இன் எண்ணெய்த் தடை நிலைமையை மாற்றியது. 1974-இன் தொடக்கத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக்கியது. 1995 வரை ஏதோ ஒரு வடிவில் அது நீடித்தது. கார் நிறுவனங்கள் ஒவ்வொரு துளி பெட்ரோலுக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கின. 1977-இல் ஜப்பானின் ஐசின்-வார்னர் ஓவர்டிரைவுடன் கூடிய நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. ஃபோர்டின் ஏஓடி 1980 மாடல்களிலும், ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 1982 மாடல்களிலும் வந்தன.

இவையெல்லாம் முதலில் கார்களையும் இலகுவான டிரக்குகளையும் மனத்தில் வைத்துச் செய்தவை. கனமான வேன் சேசிஸ்களில் ஃபோர்டின் சி6, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400 போன்ற மூன்று கியர் பெட்டிகளே நெடுநாள் தொடர்ந்தன. அடித்தாலும் உடையாதவை என்று பெயர் வாங்கியவை அவை. நெடுஞ்சாலையில் பெட்ரோலைக் குடிப்பதிலும் பெயர் வாங்கியவை. அவற்றின் பின்னால் கியர் வெண்டர்ஸ் நிறுவனத்தின் தனி ஓவர்டிரைவைப் பொருத்திக்கொண்ட மோட்டார்ஹோம்கள் இன்றும் ஓடுகின்றன. அதன் விகிதம் ஏறத்தாழ 0.78. கனமான சேசிஸுக்கென்றே ஓவர்டிரைவோடு செய்த ஃபோர்டின் இ4ஓடி 1989-லும், ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்80-இ 1991-லும்தான் வந்து சேர்ந்தன. முந்தைய பத்தாண்டில் காருக்கான கியர்பாக்ஸ்களை வைத்துப் பாரம் இழுத்துச் சூடுபட்டவர்களின் அனுபவம்தான் ‘தொடவே கூடாது’ என்ற அறிவுரையாக நின்றது. பழைய மெக்கானிக்குகளின் அந்தப் பேச்சு வெறும் பயத்திலிருந்து பிறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சிறிய மோட்டார்ஹோம்களிலேயே மிகச் சிறிய வகையை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா டிரக் சேசிஸ் மீது 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் கட்டப்பட்ட டால்ஃபின், சன்ரேடர் போன்ற வண்டிகள். இருபதடி நீளம், ஆளுயரத்தைத் தாண்டிய கூரை. பலவற்றில் இருந்தது 22ஆர்இ என்ற 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். உச்சத் திறன் 4,800 சுற்றில் 116 குதிரைத்திறன். உச்ச முறுக்கு விசை 2,800 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். வீட்டைச் சுமப்பதற்குச் சின்ன நெஞ்சுதான். தொடக்க கால மாடல்களில் பின் அச்சே பாரம் தாங்காமல் பழுதாகி, பிறகு சக்கரத்துக்கு ஆறு நட்டுகள் கொண்ட ஒரு டன் அச்சு வந்தது என்பதிலிருந்து, இந்த வண்டிகள் எவ்வளவு எல்லையோரத்தில் ஓடின என்று புரிந்துகொள்ளலாம்.

எடை 2,700 கிலோ, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், பின் அச்சின் விகிதம் 4.10 என்று கொள்வோம். முகப்பின் பரப்பு ஐந்தரைச் சதுர மீட்டர். பெட்டி போன்ற உருவத்துக்கு ஏற்ற காற்றுத் தடை. சமதரையில் காற்றையும் டயர் உராய்வையும் வெல்ல, சக்கரத்தில் ஏறத்தாழ 36 குதிரைத்திறன் வேண்டும். ஓவர்டிரைவில் எஞ்சின் அப்போது 1,840 சுற்றில் ஓடும். அந்தச் சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் 44 குதிரைத்திறன் அளவில்தான் கிடைக்கும். கியர்பாக்ஸிலும் அச்சிலும் போவது போக மிஞ்சுவது நாற்பதுக்கும் கீழே. அதாவது காற்றில்லாத சமதரையில் ஓவர்டிரைவ் தாங்கும். ஆனால் கையிருப்பு ஏறக்குறைய எதுவும் இல்லை.

எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசினால்? வண்டி 80-இல் போனாலும் காற்றுக்கு அது 100 கிலோமீட்டர் வேகம். தேவை 50 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. ஓவர்டிரைவ் தோற்றுவிடும். மூன்றாம் கியரில் 2,680 சுற்றில் 70 குதிரைத்திறன் அளவுக்குக் கிடைப்பதால் வண்டி நிதானமாகப் போகும். வயோமிங்கில் ஐ-80 சாலையின் காற்றும், ஆரிகன் எல்லையில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் காற்றும் பேர்போனவை. அங்கே வரைபடத்தில் சமதரை என்று தெரிவது, உயரமான பெட்டி வண்டிக்கு மலையேற்றம்தான்.

இனி உண்மையான ஏற்றம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஐ-5 சாலையில் கிரேப்வைன் என்ற 6 சதவீத ஏற்றம் இருக்கிறது. அதே 80-இல் அதை ஏற 83 குதிரைத்திறன் வேண்டும். ஓவர்டிரைவின் 44 பாதிதான். மூன்றாம் கியரின் 70-ம் போதாது. இரண்டாம் கியரில் 3,890 சுற்றில் 98 வரை கிடைக்கலாம். இழப்புகள் போக, மயிரிழையில் சமாளிக்கும். அனுபவப்பட்டவர்கள் வேகத்தை 65-க்குக் குறைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறுவதன் காரணம் இதுதான்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிவது இன்னொரு சங்கடம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது 116 குதிரைத்திறன் எண்பதுக்கும் கீழே தேய்ந்திருக்கும். இரண்டாம் கியரே திணறும். முதல் கியருக்கு இறங்க நேர்ந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த எண்கள் ஒரு வண்டிக்கானவை; தோராயமானவை. ஃபோர்டு இ-350 சேசிஸில் பெரிய வி8 அல்லது வி10 எஞ்சின் கொண்ட வண்டிக்குக் கையிருப்பு அதிகம், எடையும் அதிகம். எண் மாறினாலும் கேள்வி மாறாது: இந்தக் கியரில், இந்தச் சுற்றில், எஞ்சினிடம் இன்னும் கொடுக்க ஏதாவது மிச்சமிருக்கிறதா?

கியர் ஏன் சூடாகிறது

மிச்சம் இல்லாதபோது இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, திணறல். குறைந்த சுற்றில் முழு ஆக்ஸிலரேட்டரில் எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், எண்ணெய்ப் படலத்தைத் தாங்க வேண்டிய சுழற்சி குறைவு. கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை எழலாம். அதிகச் சுற்றில் ஓடினால் எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள், தட்டிக்கொண்டே ஏறும் எஞ்சின் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, கியர் வேட்டை. ஏற்றத்தில் வேகம் குறையும், கியர்பாக்ஸ் மூன்றாவதுக்கு இறங்கும், வேகம் கூடும், மறுபடி ஓவர்டிரைவுக்குப் போகும், உடனே வேகம் குறையும். ஒரு நிமிடத்துக்குள் நாலைந்து முறை இப்படி ஏறி இறங்குவதுண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளேயிருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்கித்தான் பிடிக்கின்றன. அந்த வழுக்கலில் சூடு பிறக்கிறது, தகடு தேய்கிறது.

டார்க் கன்வர்ட்டரும் இந்தக் கதையில் சேரும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே திரவத்தால் விசை கடத்தும் உறுப்பு அது. சீராக ஓடும்போது பல வண்டிகளில் ஒரு பூட்டுக் கிளட்ச் இரு பக்கத்தையும் இறுக்கிவிடும், வழுக்கலே இருக்காது. பாரம் கூடினால் பூட்டு விடுபடும், திரவம் கடையப்படும், அந்த வேலையெல்லாம் வெப்பமாக மாறும். கியர் எண்ணெய் 175 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில், அதாவது சுமார் 80 செல்சியஸில், நெடுநாள் உழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது கியர்பாக்ஸ் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கட்டைவிரல் விதி. கூடுதல் ஆயில் கூலரும் ஒரு வெப்பமானியும் பொருத்திக்கொள்ளச் சொல்லும் பழைய மெக்கானிக், தன் பட்டறையில் கருகிய எண்ணெயை முகர்ந்து பார்த்தவர்.

‘ஓவர்டிரைவே சூடாக்குகிறது’ என்ற முடிவுக்கு இதை வைத்துத் தாவிவிட முடியாது. ஃபோர்டின் பழைய ஏஓடி-யில் நான்காம் கியரில் விசை டார்க் கன்வர்ட்டரை விட்டு விலகி நேரடி ஷாஃப்ட் வழியாகப் போகும். சமதரையில் இலகுவான பாரத்தோடு ஓடும்போது ஓவர்டிரைவ்தான் குளிர்ச்சியான கியர். 700ஆர்4 போன்ற ஆட்டோமேட்டிக்குகளில் த்ராட்டிலோடு இணைந்த ஒரு கேபிள் சரியாக அமைக்கப்படாவிட்டால், எந்தக் கியரில் ஓட்டினாலும் அழுத்தம் குறைந்து தகடுகள் எரிந்துபோகும். கேபிளின் தவறுக்குப் பொத்தான் பழி சுமந்த வண்டிகள் உண்டு.

மூன்று கட்சிகள்

இந்த விவாதத்தில் நிற்பவர்களை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி, வண்டியோடு வரும் கையேட்டின் கட்சி. வழக்கமான ஓட்டத்துக்கு ஓவர்டிரைவை அனுமதித்து வையுங்கள். டிரெய்லர் இழுக்கும்போதும் மேடுபள்ளச் சாலையில் கியர் அடிக்கடி மாறும்போதும் விலக்குங்கள் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. நியாயமான அறிவுரைதான். குறை ஒன்றே: கியர் மாறத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியதை அது சொல்கிறது. அதற்குள் ஒரு சுற்று வெப்பம் ஏறியிருக்கும்.

இரண்டாம் கட்சி, பழைய பட்டறைகளின் கட்சி. கனமான வண்டியில் எப்போதும் மூன்றாம் கியரே போதும் என்பார்கள். அமெரிக்காவின் நடுச் சமவெளியில், நெப்ராஸ்காவின் ஐ-80 போன்ற சாலையில், நாள் முழுக்க ஓட்டும்போது இந்த அறிவுரை வீண் செலவு. பாரம் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுற்றில், ஆக்ஸிலரேட்டர் ஓரளவு நன்றாகத் திறந்திருக்கும் நிலையில்தான் சிக்கனமாக ஓடும். மூன்றாம் கியரில் 3,000 சுற்றில் பாதி மூடிய த்ராட்டிலோடு ஓடும் எஞ்சின், காற்றை உறிஞ்சிக்கொள்வதற்கே திறனை வீணாக்குகிறது. பாதி நாள் இரைச்சல் சகித்த ஓட்டுநரின் அயர்ச்சியும் பாதுகாப்புக் கணக்கில் சேர வேண்டியதே.

மூன்றாம் கட்சி, மானிகளின் கட்சி. எஞ்சினின் உறிஞ்சு குழாயில் ஒரு வெற்றிட மானியைப் பொருத்தி, ஊசியைப் பார்த்து ஓட்டுபவர்கள். ஊசி உயரத்தில் நின்றால் எஞ்சினிடம் கையிருப்பு நிறைய. கீழே சரிந்தால் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. ஓவர்டிரைவில் ஊசி அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டால் கியரைக் குறைக்கிறார்கள். வெப்பமானியும் இருந்தால் படம் முழுமையாகிவிடும். மூன்று கட்சிகளில் இவர்கள்தான் கேள்விக்கு மிக அருகில் இருப்பவர்கள். வழக்கத்தையோ பயத்தையோ அல்லாமல் அந்தக் கணத்தின் பாரத்தை அளக்கிறார்கள்.

மானி இல்லாதவருக்கும் கால் இருக்கிறது. வேகம் குறையாமலிருக்க ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்குக்குமேல் அழுத்த வேண்டியிருந்தால், அந்த இடத்தில் ஓவர்டிரைவ் தகாது.

வண்டிக்குத் தெரியாத ஒன்று

மூன்று கட்சிகளும் சேர்ந்தும் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நடந்ததை மட்டுமே அறியும். வேகம் குறைந்துவிட்டது, ஆக்ஸிலரேட்டர் அழுத்தப்பட்டுவிட்டது என்பதைக் கொண்டு அது முடிவெடுக்கிறது. அரை மைலுக்கு அப்பால் சாலை மேலே எழும்புவதை அது காணாது. ஓட்டுநர் காண்கிறார். பொத்தானின் மதிப்பு முழுக்க இந்த அரை மைலில்தான் இருக்கிறது.

ஏற்றத்தின் அடிவாரத்தில், வேகம் இன்னும் முழுதாக இருக்கும்போதே ஓவர்டிரைவை விலக்கினால் வண்டி மூன்றாம் கியரில் உந்துதலோடு மேட்டில் ஏறும். நடு ஏற்றத்தில், வேகம் அறுபதுக்கு விழுந்த பிறகு விலக்கினால், இழந்த வேகத்தை மீட்க இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். மேட்டின் உச்சி தெரிந்ததும் உடனே ஓவர்டிரைவை அனுமதிக்கத் தேவையில்லை. அடுத்த மேடு பக்கத்திலேயே இருந்தால் மூன்றாம் கியரிலேயே தொடர்வது நல்லது. வளைந்து நெளியும் மலைச்சாலையிலும், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு அக்கம்பக்கமாக ஓடும் நகர்ப்புறச் சாலையிலும் இதே நியாயம் பொருந்தும்: ஓவர்டிரைவ் சேர்வதும் விலகுவதுமாகத் தடுமாறும் வேகம் அது.

கியர் குறைத்ததும் எழும் இரைச்சலுக்கு அஞ்சத் தேவையில்லை. ஃபோர்டின் 6.8 லிட்டர் வி10 எஞ்சினோடு 1990-களின் இறுதியிலிருந்து வந்த மோட்டார்ஹோம்களில் ஏற்றத்தில் சுற்று 4,000-ஐத் தொடும்போது புதிய உரிமையாளர்கள் பதறிப்போய்க் காலை எடுத்துவிடுவார்கள். அந்த எஞ்சினின் உச்சத் திறனே ஏறத்தாழ 4,250 சுற்றில்தான். அது சிரமப்பட்டு அலறவில்லை. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த இடத்தில் உழைக்கிறது. அந்தக் காலத்து ஃபோர்டு ஓட்டுநர்களுக்கு வேறொரு எச்சரிக்கை தேவை: எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினால் ஓவர்டிரைவ் தானாகவே அனுமதிக்கப்பட்ட நிலைக்குத் திரும்பிவிடும். மலையடிவாரத்தில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்புபவர் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அது கியர்பாக்ஸ் கோளாறின் அறிவிப்பு.

இறக்கத்தில்

ஏற்றத்தில் தவறு செய்தால் செலவு. இறக்கத்தில் தவறு செய்தால் உயிர். ஓவர்டிரைவ் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இறக்கம்தான்.

அதே 2,700 கிலோ வண்டி 6 சதவீத இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். காற்றும் டயரும் பிடித்து நிறுத்துவது போக, ஏறத்தாழ 13 கிலோவாட் திறனை யாராவது விழுங்கியாக வேண்டும். இரண்டு கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்புகள் ஆறு, முழுச் சூட்டில் இடைவிடாமல் எரிவதற்கு ஏறக்குறையச் சமம். அந்தச் சூடு முழுவதும் பிரேக் டிரம்முக்குள் போனால் சில மைல்களில் லைனிங் வெந்து, திரவம் கொதித்து, மிதி தரையைத் தொடும். வேகமாக இறங்கினால் காற்றுத் தடை கூடி பிரேக்குக்கு வேலை குறையும் என்பது கணக்குப்படி உண்மைதான். வளைவு வந்ததும் அந்த வேகம் முழுவதையும் பிரேக்தான் விழுங்க வேண்டும்.

எஞ்சின் பிரேக்கிங் இந்தச் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடி, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து உழைக்கின்றன. சுற்று அதிகமாக இருந்தால் இந்தத் தடையும் அதிகம். மேற்சொன்ன வண்டியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓவர்டிரைவில் 1,150 சுற்று. இரண்டாம் கியரில் 2,400-க்குமேல். ஓவர்டிரைவில் மலையிறங்குவது, நியூட்ரலில் இறங்குவதற்கு அடுத்தபடியான ஆபத்து. எந்தக் கியரில் ஏற முடிந்ததோ அந்தக் கியரிலேயே இறங்கு என்ற லாரிக்காரர்களின் பழைய விதி மோட்டார்ஹோமுக்கும் நல்ல தொடக்கம். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கிவரும் வண்டிகளை வழியில் நிறுத்தி பிரேக்கின் சூட்டை அளக்கிறார்கள். அளவு மீறினால் ஆறும்வரை நிற்க வேண்டியதுதான். வயோமிங்கின் டீட்டன் கணவாயில் சரிவு 10 சதவீதம். அங்கே ஓவர்டிரைவை மட்டும் விலக்கி மூன்றாம் கியரில் இறங்குவது போதாது.

இங்கும் நேரம் முக்கியம். உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைத்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றும். மழையோ பனியோ படிந்த சாலையில் திடீர்க் கியர் மாற்றம் பின்சக்கரத்தை வழுக்கிவிடும். அங்கே முதலில் பிரேக்கால் வேகத்தை அடக்கி, பிறகு மெல்லக் குறைக்க வேண்டும்.

பொத்தான் மறைந்த பிறகு

இன்றைய சேசிஸ்களில் பொத்தானின் பெயர் மாறிவிட்டது. ஃபோர்டு இ-சீரிஸில் 7.3 லிட்டர் வி8-உடன் வரும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஐந்தாவதும் ஆறாவதும் ஓவர்டிரைவ்தான்; விகிதம் 0.86, 0.67. மூன்றாவதுக்கும் ஓவர்டிரைவுக்கும் நடுவே முன்பிருந்த பெரும் பள்ளம் இதனால் படிக்கட்டாகிவிட்டது. ‘டோ/ஹால்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் கியர்பாக்ஸ் மேலே போகத் தயங்கும், வேட்டையாடாது, இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் கியரைத் தானே குறைத்துக் கொடுக்கும். நாற்பதாண்டு வாதத்தில் ஓட்டுநர்கள் கற்றதைப் பொறியாளர்கள் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் எனலாம். அப்படியும், அடிவாரத்துக்கு அரை மைல் முன்பே அந்தப் பொத்தானை அழுத்துவது இன்னமும் மனிதக் கையின் வேலைதான்.

பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று பேக்கரிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஊரை விட்டு வெளியேறும்போதே ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரிகிறது. மூன்றாம் கியரில் தொடங்கி, சரிவு கூடும் இடங்களில் இரண்டாவதுக்கு இறங்கி, லாரிகளோடு வலது தடத்தில் இருபது மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஏறி ஹாலரன் உச்சியை அடைகிறது. சாலை சற்றே தாழ்ந்து மறுபடி எழுகிறது, விளக்கு அணையவில்லை. ஏறத்தாழ 4,700 அடியில் மவுண்டன் பாஸ் உச்சிக்குச் சற்று முன்பாக ஓட்டுநர் காலைத் தளர்த்தி, குறைந்த கியரிலேயே மறுபக்கச் சரிவில் வண்டியை விடுகிறார். எஞ்சின் உறுமிக்கொண்டே பிடித்துக்கொள்கிறது. பிரேக் அவ்வப்போது மட்டும். கீழே ஐவன்பா வறண்ட ஏரியின் வெண்தரையும் நெவாடா எல்லையும் தெரிகின்றன. சாலை முழுதாகச் சமமாகி, வேகம் 80-இல் நிலைத்து, ஆக்ஸிலரேட்டர் பாதியிலேயே நிற்கிறது என்பதைக் கால் உணர்ந்த பிறகு, கட்டைவிரல் பொத்தானை அழுத்துகிறது. விளக்கு அணைகிறது, எஞ்சின் ஓசை தாழ்கிறது.